ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையுடன் முதல் சந்திப்பு: ஓர் இணைய வடிவமைப்பாளரின் முன்தயாரிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

மதுரையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இணையப் பக்கங்களைக் கட்டும் வேலையில் இருந்துவிட்டு, சொந்த ஊரான காரைக்குடிக்குத் திரும்பித் தனியாகத் தொழில் தொடங்கிய ஓர் இளம்பெண், தன் முதல் வாடிக்கையாளரைச் சந்திக்கும் முன் என்னென்ன தயார் செய்தார், அவற்றுள் எவை கைகொடுத்தன, எது விடுபட்டது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது. வாடிக்கையாளர், சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் தந்தையும் மகனும் சேர்ந்து நடத்தும் ஒரு டைல்ஸ் பட்டறை. இரு தரப்பின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. வடிவமைப்பாளர் எழுதிவைத்த குறிப்புகள், விலைப்புள்ளி, இருவரும் கையெழுத்திட்ட தாள் ஆகியவையே இந்த ஆய்வுக்கு அடிப்படை.

வேலை உறவினர் ஒருவர் வழியாக வந்தது. மகன் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்: "பழைய வெப்சைட் ஓடலைங்க. புதுசா ஒண்ணு போடணும். எவ்வளவு ஆகும்?" வடிவமைப்பாளர் உடனே தொகை எதுவும் சொல்லவில்லை. பட்டறையைப் பார்த்து, அப்பாவிடமும் பேசிய பிறகு எழுத்தில் தருவதாகச் சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சந்திப்பை வைத்துக்கொண்டார். வேலையின் அளவு தெரியாத நிலையில் சொல்லும் தொகை எதுவாக இருந்தாலும் அதுவே பேரத்தின் தொடக்கப் புள்ளியாகிவிடும் என்பதால், இந்த ஒத்திவைப்பை முன்தயாரிப்பின் முதல் அடியாகவே கொள்ள வேண்டும். அப்பாவும் உடன் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதும் சரியான முடிவு. குடும்பத் தொழில்களில் போனில் பேசுபவர் ஒருவர், பணத்தை முடிவு செய்பவர் இன்னொருவர். முதலாமவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை பேச வேண்டியிருக்கும்.

அடுத்து அவர் செய்தது, புதிதாகத் தொழிலுக்கு வரும் ஏறத்தாழ எல்லோரும் செய்வது: பக்க வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மாவைத் திறந்து முகப்புப் பக்கத்துக்கு மூன்று மாதிரிகள் வரையத் தொடங்கினார். முதல் மாதிரி முடிந்த நிலையில், மதுரையில் உடன் வேலை பார்த்த ஒரு மூத்தவர் சொல்லி மற்ற இரண்டையும் கைவிட்டார். அந்த மூத்தவர் சொன்னதே என் கருத்தும். வாங்குபவர் யார், அவர் என்ன தேடி வருகிறார் என்பது தெரியாமல் வரைந்த படம், வரைந்தவரின் ரசனையை மட்டுமே காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், மேசையில் ஒரு படம் வைக்கப்பட்ட கணத்திலிருந்து பேச்சு முழுவதும் அந்தப் படத்தைப் பற்றியதாகிவிடும். "இந்தப் பச்சை வேண்டாம், கொஞ்சம் அடர்த்தியா வைங்க" என்பதில் ஒரு மணி நேரம் கரைந்து, தளம் எதற்கு என்ற கேள்வி கேட்கப்படாமலே சந்திப்பு முடிந்துபோகும். முடித்த அந்த ஒரு மாதிரியையும் அவர் சந்திப்பில் திறந்து காட்டவில்லை.

அந்த நேரத்தை அவர் தொழிலைப் படிப்பதற்குத் திருப்பினார். ஆத்தங்குடிக் கல், அதாவது இந்த டைல்ஸ், சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சைப் பொருத்தி, சிமெண்டும் ஆக்சைடு நிறமும் கலந்த குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றி, அச்சை எடுத்தபின் அதன்மேல் உலர்ந்த கலவையையும் பின்னர் ஈரச் சாந்தையும் நிரப்பி மட்டம் செய்கிறார்கள். பின்பு தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கமே தரையின் முகமாகிறது. மெருகு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. எல்லாம் கைவேலை என்பதால் ஒரு நாள் ஊற்றிய சிவப்பும் அடுத்த வாரம் ஊற்றிய சிவப்பும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்த விவரங்களில் பெரும்பகுதியை அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர் என்ற முறையில் அவர் அறிந்திருந்தார். ஆனால் அவற்றை ஓர் இணையதளத்தின் தேவைகளாக மாற்றி யோசித்தது இந்த வாரத்தில்தான்.

அந்த யோசனைக்கு வழிகாட்டியது, கூகுள் மேப்ஸில் அந்தப் பட்டறைக்கும் அதே ஊரின் மற்றப் பட்டறைகளுக்கும் வாடிக்கையாளர்கள் எழுதியிருந்த கருத்துகள். பாராட்டுகளை அவர் வேகமாகக் கடந்தார்; குறைகளை நிதானமாகப் படித்தார். மீண்டும் மீண்டும் வந்தது ஒரே குறை: படத்தில் பார்த்த நிறமும் வீட்டுக்கு வந்த கல்லின் நிறமும் வேறு. அடுத்ததாக, விலையைச் சதுர அடிக்குச் சொல்வதில்லை, வண்டியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று சொல்வதில்லை என்பன. இவற்றிலிருந்து அவர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். ஒன்று, இது கூடையில் போட்டுப் பணம் கட்டி வாங்கும் கடைத்தளம் ஆகாது. வீடு கட்டுபவரும் கட்டிடக் கலைஞரும் வடிவத்தைத் தேர்ந்து, அளவைச் சொல்லி, விலை விசாரிக்கும் இடமாகத்தான் இருக்க முடியும். இரண்டு, நிறவேறுபாட்டை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லும் தளமே பட்டறையைப் பின்னால் வரும் சண்டையிலிருந்து காப்பாற்றும். சந்திப்புக்கு அவர் எழுதிவைத்த முதல் கேள்வி இதிலிருந்து பிறந்தது: "ஒரே நிறம் ரெண்டு தடவை ஒரே மாதிரி வருமா, ஐயா?"

முன்தயாரிப்பின் மிகப் பெரிய பலன், அவரே எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. பழைய தளம் எப்படி இருந்தது என்று பார்க்க முகவரியைத் தட்டியபோது, இணைய முகவரிகளைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் வந்தது. இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தளத்தின் முந்தைய பக்கங்கள் கிடைத்தன. எந்த வடிவங்களைக் காட்டினார்கள், எந்தத் தொலைபேசி எண் இருந்தது என்பவை அதிலிருந்து தெரிந்தன. ஆனால் கவலைக்குரியது டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி. அது தற்காலிகமாக நிற்கவில்லை, காலாவதியாகியிருந்தது. பதிவு விவரத்தில் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. 2018-இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான முகவரிகளுக்கு இதுவே நிலை.

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கணக்கைத் தெரியாத வடிவமைப்பாளர்கள் அதிகம். ஒரு .காம் முகவரி காலாவதியான பிறகு, அதைப் பதிந்த நிறுவனம் தன் விதிப்படி சில வாரங்கள், அதிகபட்சம் 45 நாள் வரை, வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க இடம் கொடுக்கலாம். அதன்பின் முகவரி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். அப்போது மீட்கத் தனிக் கட்டணம் உண்டு, அது புதுப்பிக்கும் தொகையைப்போலப் பல மடங்கு. அதுவும் கடந்தால் 5 நாள் காத்திருப்பு. பிறகு உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சில நிறுவனங்கள் அந்த எல்லை வரைகூடக் காத்திராமல் முகவரியை ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. இன்னொரு பொறியும் உண்டு. காலாவதியான உடன், எல்லா .காம் முகவரிகளையும் குறித்துவைக்கும் மையப் பதிவேடு தானாகவே ஓராண்டு நீட்டிப்பைக் குறித்துவிடுவதால், அங்கே அடுத்த ஆண்டின் தேதி தெரியும். அதைப் பார்த்துவிட்டு முகவரி பத்திரமாக இருக்கிறது என்று நம்பினால் ஏமாற நேரும். பதிவு நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள தேதியையே நம்ப வேண்டும்.

இதை ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருக்காமல் அவர் அன்றே மகனை அழைத்தார். டொமைன் யார் கணக்கில் இருக்கிறது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் முன்னாடி செஞ்சுகொடுத்தவர் பார்த்துக்கிட்டாருங்க" என்பதே விடை. விசிட்டிங் கார்டிலும், பட்டறைப் பலகையிலும், கல் அனுப்பும் பெட்டிகளிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் அந்த முகவரியிலுள்ள மின்னஞ்சலுக்குத்தான் இன்னமும் எழுதிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கடிதங்கள் எவர் கைக்கும் வரவில்லை. முந்தைய வடிவமைப்பாளர் தன் கணக்கில், தன் அட்டையில் முகவரியை வாங்கியிருந்தார். அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டதால் நினைவூட்டல் கடிதங்கள் கவனிக்கப்படாமல் கிடந்தன. நல்லவேளையாக அவரைத் தொடர்புகொள்ள முடிந்தது. வழக்கமான கட்டணத்தில் புதுப்பித்துக்கொடுத்து, அதே நிறுவனத்தில் மகன் தொடங்கிய புதுக் கணக்குக்கு முகவரியை மாற்றித் தரவும் அவர் சம்மதித்தார். வேறு நிறுவனத்துக்கு மாற்ற முயன்றிருந்தால் மாற்றுக் குறியீடு, உரிமையாளர் மாறினால் வரக்கூடிய 60 நாள் தடை என்று வேலை நீண்டிருக்கும். ஒரே நிறுவனத்துக்குள் கணக்கு மாற்றுவது எளிது.

ஒரு ரூபாய் விலை பேசுவதற்கு முன்பே பட்டறைக்கு ஒரு நன்மை நடந்துவிட்டது. இதற்கு அவர் கட்டணம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு; என் பார்வையில், தொழிலுக்குப் புதிதாக வருபவரிடம் காட்டுவதற்கு முந்தைய வாடிக்கையாளர்கள் இல்லாதபோது, இப்படி ஒரு செயல் பத்து மாதிரிப் பக்கங்களைவிடக் கூடுதலான நம்பிக்கையை ஈட்டுகிறது.

விலைக்கு வருவோம். அவர் கணக்கிட்ட முறை எளியது. கையில் மாதம் 30,000 ரூபாய் நிற்க வேண்டும். இணைய இணைப்பு, மென்பொருள், மடிக்கணினித் தேய்மானம் எல்லாம் சேர்த்து 5,000. வாடிக்கையாளர் தேடுவது, பேசுவது, கணக்கு எழுதுவது போகக் கட்டணத்துக்குரிய வேலை மாதத்தில் 70 மணி நேரம்தான் தேறும் என்று வைத்துக்கொண்டார். எனவே மணிக்கு 500 ரூபாய். சம்பளத்துக்கு இருந்த காலத்தின் மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு பாதி விலைக்கு வேலை செய்யும் புதியவர்களோடு ஒப்பிட்டால், 70 என்ற அந்த எண்ணைத் துணிந்து எழுதியதே இவரது சிறப்பு. பட்டறைத் தளத்துக்குத் திட்டமிடவும் பேசவும் 10 மணி, வடிவமைக்க 18, கட்ட 34, சுமார் 120 வடிவங்களின் படங்களையும் விவரங்களையும் ஏற்ற 12, சோதிக்கவும் மகனுக்குக் கற்றுக்கொடுக்கவும் 10 என 84 மணி, 42,000 ரூபாய். டொமைனும், தளத்தை இணையத்தில் வைத்திருப்பதற்கான இடமான ஹோஸ்டிங்கும் தனி. அவற்றைப் பட்டறையே நேரடியாகக் கட்ட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாத சேவையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் ரசீதில் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. பட்டறையின் கணக்கர் இதைக் கேட்பார் என்று எதிர்பார்த்து அதையும் விலைப்புள்ளியின் அடியில் ஒரு வரியாக எழுதினார்.

ஒப்பந்தத் தாளுக்கு இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியைத்தான் அவர் முதலில் எடுத்தார். பதினோரு பக்கம், வழக்கு வந்தால் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் செல்லும் என்று அதில் ஒரு பிரிவு. ஆத்தங்குடியில் அதை நீட்டியிருந்தால் பெரியவர் என்ன சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்து பார்க்கலாம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, எல்லாவற்றையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதினார்: என்ன செய்யப்படும், என்ன செய்யப்படாது, எத்தனை முறை திருத்தம், எப்போது எவ்வளவு பணம், எது யாருக்குச் சொந்தம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து "நீங்கதானே சொன்னீங்க" என்று இரு தரப்பும் சொல்லும்போது எடுத்துக்காட்ட ஒரு தாள் வேண்டும்.

உரிமை பற்றிய வரியைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவரே. சம்பளத்துக்கு வேலை செய்பவர் உருவாக்கியது முதலாளிக்குச் சேரும் என்றாலும், தனியாகத் தொழில் செய்பவருக்கு அது பொருந்தாது. எனவே வேறு ஏதும் எழுதிக்கொள்ளாவிட்டால், பட்டறை பணம் கட்டிய தளத்தின் வடிவமைப்பும் நிரலும் சட்டப்படி வடிவமைப்பாளரிடமே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுத்த புகைப்படத்துக்கு விதி நேர்மாறு. அது எடுக்கச் சொன்னவருக்கே உரியது. மேலும், 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். அவர் எழுதிய வரி: கடைசித் தவணை வந்த நாளில் தளத்தின் வடிவமைப்பு, நிரல், எழுத்து, படங்கள் ஆகியவற்றின் உரிமை உலகம் முழுவதற்கும் காலவரையின்றிப் பட்டறைக்கு மாறும், அதுவரை வடிவமைப்பாளரிடம் இருக்கும். பணம் வராமல் போனால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு அவருக்கும், எல்லாம் தன்னுடையது என்ற உறுதி பட்டறைக்கும் இந்த ஒரே வரியில் கிடைத்தன.

சந்திப்பு பட்டறையிலேயே நடந்தது. டொமைன் விஷயம் ஏற்கெனவே வீட்டுக்குள் பேசப்பட்டிருந்ததால் பெரியவர் இளக்கமாகவே தொடங்கினார். நிறம் பற்றிய கேள்வி எதிர்பார்த்ததைவிட அதிகம் திறந்துவிட்டது. ஒரே வீட்டுக்குத் தேவையான கல் முழுவதையும் ஒரே தொகுப்பாக ஊற்றாவிட்டால் வேறுபாடு தெரியும் என்றும், பாதி வாங்கிவிட்டு மீதியைப் பிறகு கேட்பவர்களால்தான் தகராறு என்றும் அவர் விளக்கினார். விசாரணைப் படிவத்தில் மொத்தச் சதுர அடியைக் கட்டாயமாகக் கேட்பது என்ற முடிவு அந்த இடத்திலேயே எடுக்கப்பட்டது. படங்களில் நிறம் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் பேசப்பட்டது. மகனிடம் இருந்தது ஐபோன். 2016-க்குப் பின் வந்த ஐபோன்கள் விரிந்த வண்ண எல்லையில் படம் எடுப்பதால், வலைக்குரிய எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு முறையாக மாற்றாமல், எந்த எல்லை என்று படத்தோடு வரும் வண்ணக் குறிப்பு உதிர்ந்த நிலையில் ஏற்றினால் ஆக்சைடுச் சிவப்பு வெளிறித் தெரியும். ஆகவே ஒரே நிழலில், ஒரே நேரத்தில், ஓரத்தில் வெள்ளைத் தாள் வைத்து மகன் படம் எடுப்பது என்றும், மாற்றும் வேலையை வடிவமைப்பாளர் செய்வது என்றும் பிரித்துக்கொண்டார்கள்.

வேகம் குறித்து அவர் விளக்கம் எதுவும் தயார் செய்யவில்லை. ஒரு செயலைத்தான் தயார் செய்திருந்தார். மகனின் போனிலேயே, பட்டறையில் கிடைக்கும் சிக்னலிலேயே, வேறு சில டைல்ஸ் தளங்களைத் திறக்கச் சொன்னார். போனிலிருந்து எடுத்த மூன்று நான்கு எம்பி படங்களை அப்படியே ஏற்றியிருந்த ஒரு தளம் திறந்துகொண்டே இருந்தது. பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்திருக்கும் அளவு. அந்த எண்ணைச் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. பெரியவர் பொறுமை இழந்து போனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார்.

தயார் செய்யாத கேள்வி ஒன்றும் வந்தது. முகப்பில் பிள்ளையாரப்பன் படம் பெரிதாக இருக்க வேண்டும், திறந்தவுடன் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்றார் பெரியவர். படத்துக்கு அவர் உடன்பட்டார்: "தலைப்பு ஓரத்துல சின்னதா வச்சிடலாம் ஐயா, எல்லாப் பக்கத்துலயும் இருக்கும்." இசைக்கு மறுப்பு சொல்ல அவர் தடுமாற, உலாவிகள் தாமாக ஒலி எழுப்புவதைத் தடுத்துவிடும் என்ற நடைமுறை உண்மையை மகன் சொல்லிக் காப்பாற்றினார்.

விலைப்புள்ளியைப் பார்த்ததும் வந்தது எதிர்பார்த்த வாக்கியம்தான்: "ஏம்மா, போன தடவை எட்டாயிரத்துல முடிஞ்சுதே." முந்தையவரின் வேலையைக் குறை சொல்லும் ஆசையை அவர் அடக்கிக்கொண்டார். அந்தத் தளம் வழியாக எத்தனை விசாரணை வந்தது என்று மட்டும் கேட்டார். எல்லாம் வாட்ஸப்பில்தான் வருகிறது என்றார் மகன். மணிக்கணக்குப் பட்டியலைக் காட்டி, விலையைக் குறைப்பதென்றால் வேலையைத்தான் குறைக்க முடியும் என்று சொன்னபோது, 120 வடிவங்களையும் தானே ஏற்றிக்கொள்வதாக மகன் முன்வந்தார். 12 மணி நேரம் கழிந்தது; தொகை 36,000 ஆனது. மணிக்கு 500 என்ற விகிதம் அசையவில்லை. புதியவர்கள் பேரத்தில் வழக்கமாக விட்டுக்கொடுப்பது அந்த விகிதத்தைத்தான் என்பதால், இதை இந்த நிகழ்வின் நல்ல தருணமாகக் கருதுகிறேன். திருத்தம் இரண்டு முறை என்றிருந்ததைப் பெரியவர் பேனாவால் மூன்று என்று மாற்றிக் கையெழுத்திட்டார். முன்பணம் 14,400 ரூபாய் அன்றே ஜிபேயில் வந்தது. மீதம், வடிவமைப்பை ஒப்புக்கொள்ளும்போது 10,800, தளம் வெளியாகும்போது 10,800.

அந்த நல்ல தருணத்திலேயே குறையும் ஒளிந்திருந்தது. வடிவமைப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது, இரண்டாம் தவணை வந்தது, தளம் கட்டி முடிக்கப்பட்டது. படங்கள் வரவில்லை. முகூர்த்த மாதங்களில் பட்டறையில் மகனுக்கு மூச்சுவிட நேரமில்லை; ஏற்றப்பட்டவை முப்பதுக்கும் குறைவான வடிவங்கள். எல்லா வடிவங்களும் ஏறாமல் தளத்தை வெளியிடப் பெரியவருக்கு மனமில்லை. ஒருபக்கத் தாளில் வடிவமைப்பாளர் தன் வேலைக்கு நாள் குறித்திருந்தார். பட்டறை தரவேண்டியவற்றுக்கு நாள் குறிக்கவில்லை. கடைசித் தவணை வெளியீட்டோடும், வெளியீடு மகன் ஏற்றும் படங்களோடும் கட்டப்பட்டிருந்ததால், தன் பங்கை முழுதும் முடித்தவர் 10,800 ரூபாய்க்குக் காத்திருந்தார். பேரத்தில் படமேற்றும் வேலை கைமாறிய அந்த நிமிடத்திலேயே தாளிலும் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்: தளம் கட்டி முடித்ததாகத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் படங்கள் வராவிட்டால், இருக்கும் படங்களோடு தளம் வெளியிடப்படும், அல்லது வெளியீட்டுக்குக் காத்திராமல் கடைசித் தவணை செலுத்தப்படும். இரண்டாம் வாடிக்கையாளருக்கு அவர் எழுதிய தாளில் இந்த வரி, திருத்தங்களுக்கான வரிக்கு மேலேயே இடம் பெற்றிருக்கிறது.